எட்டைத் தாண்டும் கணக்கு

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தின் காலை அமர்வில், முதலாண்டு மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்திருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம். கரும்பலகையில் வரைந்து காட்டியவற்றை இங்கே வார்த்தைகளில் எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் அவர்கள் என்னிடம், "தொழில்ல முன்னேறுவது எப்படின்னு ஒரு அரை மணி நேரம் பேசுப்பா" என்றுதான் கேட்டார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த மேடையிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்றைப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். உயர் அழுத்த சப்-ஸ்டேஷன்களில் பிரேக்கர் பராமரிப்பு என் வேலை. "எலக்ட்ரிகல் படிச்சவனுக்கு முதல் வருஷ கெமிஸ்ட்ரி எதுக்கு சார்?" என்று இந்தக் கல்லூரி விடுதியில் ஒவ்வொரு வருஷமும் ஒரு குரல் எழும். இந்த வருஷமும் எழுந்திருக்கும். அந்தக் குரலுக்கு உரியவர் பின் வரிசையில் எங்கேயோ இருக்கிறார் என்ற நம்பிக்கையில் பேசுகிறேன்.

விஷயம் இதுதான். லூயிஸ் வரைபடம். அணுவின் குறியீட்டை எழுதி, சுற்றிலும் புள்ளி வைத்து, நடுவில் கோடு இழுப்போமே, அதுதான். அதிலும் மைய அணுவுக்கு எட்டு எலக்ட்ரான்களுக்கு மேல் வரும் மூலக்கூறுகள். ப்ளஸ் டூவில் எண்ம விதி என்று மனப்பாடம் செய்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே 'விதிவிலக்குகள்' என்று ஒரு தலைப்பைப் பார்த்து எரிச்சல் அடைந்திருப்பீர்கள். விதி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் விதிவிலக்கா என்று.

உண்மையில் விதிவிலக்குகள்தான் வயதில் மூத்தவை. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த பொருள். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு, எங்கள் பாஷையில் எஸ்.எஃப்.6, 1900 வாக்கில் பாரிஸில் ஹென்றி முவாசான், போல் லெபோ இருவரும் தயாரித்தது. ஃபுளோரினை முதன்முதலில் பிரித்தெடுத்த அதே முவாசான்தான். கில்பர்ட் லூயிஸ் தம் கட்டுரையை வெளியிட்டது 1916-ல். ஆக, விதி பிறந்தபோது விதிவிலக்கு நடை பழகி, பள்ளிக்கூடமே போய்க்கொண்டிருந்தது!

லூயிஸைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் 1902-லேயே, வகுப்பு எடுக்கும்போது, அணுவை ஒரு கனசதுரமாக வரைந்து எட்டு மூலைகளிலும் எலக்ட்ரான்களை வைத்துப் பார்த்தவர். 1916-ல் இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்றார். அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியவர் இர்விங் லாங்மூர், 1919-ல். எலக்ட்ரிகல்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், லாங்மூர் வேலை பார்த்தது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். குண்டு பல்பில் வாயு அடைத்து அதன் ஆயுளைக் கூட்டியவர் அவர். எட்டு என்ற எண்ணை ஒரு சட்டம் போல நிலைநிறுத்தியதில் லாங்மூருக்குத்தான் பெரும்பங்கு. லூயிஸ் அப்படிப் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1923-ல் எழுதிய புத்தகத்தில், எட்டைவிட இரண்டு என்பதே அடிப்படையானது, அதாவது எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதே முக்கியம் என்று எழுதினார். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மேற்கொண்டு ஒரு செய்தி: லாங்மூருக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது. லூயிஸுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

சரி, வரைவோம்.

எங்களுக்கு முதலாண்டு வேதியியல் எடுத்த மேடம் ஒரு வழி சொல்வார். இது பந்தி பரிமாறுகிற மாதிரி என்பார். முதலில் சமையல்கட்டில் மொத்தம் எத்தனை இலைக்குச் சாப்பாடு இருக்கிறது என்று எண்ணு. பிறகு வந்தவர்களுக்குப் பரிமாறு. மிச்சம் இருப்பது வீட்டுக்காரருக்கு. மிச்சத்தைக் கொட்டிவிடக் கூடாது, இல்லாததைக் கடன் வாங்கியும் போடக் கூடாது. வந்தவர்கள் என்றால் சுற்றியுள்ள அணுக்கள். வீட்டுக்காரர் மைய அணு.

எஸ்.எஃப்.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கந்தகத்தின் இணைதிறன் எலக்ட்ரான்கள் 6. ஃபுளோரின் ஒன்றுக்கு 7, ஆறுக்கு 42. மொத்தம் 48. கந்தகத்தை நடுவில் எழுதி ஆறு பக்கமும் ஆறு கோடு. ஒரு கோட்டுக்கு இரண்டு எலக்ட்ரான், ஆறு கோட்டுக்கு 12 போய்விட்டது. மீதி 36. ஒவ்வொரு ஃபுளோரினுக்கும் எட்டு நிறைய இன்னும் ஆறு வேண்டும். ஆறாறு முப்பத்தாறு. கணக்கு சரியாக முடிந்தது. இப்போது கந்தகத்தைச் சுற்றி எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு. எட்டைத் தாண்டிவிட்டது. பதற வேண்டாம். அது அப்படித்தான். ஆறு ஃபுளோரினும் எண்முகி ஒன்றின் ஆறு மூலைகளில், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவட்டத்தில் நான்கு என்று கந்தகத்தை எல்லாத் திசையிலும் மூடி நிற்கின்றன.

அடுத்து எஸ்.எஃப்.4. சல்ஃபர் டெட்ராஃபுளூரைடு. கந்தகம் 6, ஃபுளோரின் நாலேழு 28, மொத்தம் 34. நான்கு கோட்டுக்கு 8. மீதி 26. நான்கு ஃபுளோரினுக்கும் ஆறு ஆறாகக் கொடுத்தால் 24. இரண்டு மிச்சம்.

இங்கேதான் தம்பிகள் வழுக்குவார்கள். கந்தகத்தில் ஏற்கெனவே நான்கு கோடு இருக்கிறது, எட்டு ஆகிவிட்டது, அதனால் இந்த இரண்டும் எங்கேயோ தப்பாக வந்துவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அழித்துவிட்டுப் பார்த்தால் மீத்தேன் மாதிரி அழகான நான்முகி கிடைக்கும். அழகாக இருக்கும், தவறாக இருக்கும். அந்த இரண்டும் வீட்டுக்காரருடையது. கந்தகத்தின் தலையில் ஒரு தனித்த ஜோடியாக வையுங்கள். கந்தகத்துக்கு இப்போது பத்து. ஐந்து ஜோடிகள், முக்கோண இருபிரமிடாக அமைந்து, அதில் ஒரு மூலையைத் தனித்த ஜோடி பிடித்துக்கொள்ள, மூலக்கூறு பூங்காவில் உள்ள ஏற்ற இறக்கப் பலகை போல நிற்கிறது. ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது.

இந்த இரண்டு புள்ளி, இதற்குப் பரீட்சையில் அரை மார்க் இருக்கும். சப்-ஸ்டேஷனில் அதன் மதிப்பு வேறு.

எஸ்.எஃப்.6-ஐ ஏன் பிரேக்கரில் அடைக்கிறோம்? மின்சாரத்தைத் துண்டிக்கும்போது தொடுமுனைகள் பிரியும் இடத்தில் ஆர்க் பிடிக்கும். அதன் நடுப்பகுதியில் வெப்பம் பத்தாயிரம் டிகிரிக்கும் மேலே போகும். அதை அணைக்க வேண்டும், அணைந்த பிறகு திரும்பப் பற்றாமல் தாங்கவும் வேண்டும். எஸ்.எஃப்.6 ஒரே அழுத்தத்தில் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு மின்தாங்கு திறன் உள்ளது. அலையும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. நிறமில்லை, வாசனையில்லை, நெருப்புப் பிடிக்காது, விஷமில்லை. காற்றைப்போல ஐந்து மடங்கு கனம் என்பதால் கேபிள் டிரெஞ்சில், குழியில் தேங்கி மூச்சுத் திணற வைக்கும், அந்த ஒரு எச்சரிக்கை போதும். தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் அசையாது.

ஏன் அசையாது என்பதுதான் சுவாரசியம். ஆற்றல் கணக்குப்படி பார்த்தால் எஸ்.எஃப்.6 தண்ணீரோடு சேர்ந்து சிதைவது லாபகரமான வினைதான். கணக்கு அனுமதிக்கிறது, வழி இல்லை. ஆறு ஃபுளோரின்களும் தோளோடு தோள் உரசி நிற்பதால் தண்ணீர் மூலக்கூறு கந்தகத்தை எட்டவே முடியாது. பூட்டிய கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி திரும்பிப் போய்விடும். எஸ்.எஃப்.4-ல் கதவு திறந்திருக்கிறது. தண்ணீர் பட்டவுடன் தயோனில் ஃபுளூரைடும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் உண்டாகும். தயோனில் ஃபுளூரைடு மேலும் தண்ணீரோடு சேர்ந்து சல்ஃபர் டை ஆக்சைடையும் இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜன் ஃபுளூரைடையும் தரும். ஹைட்ரஜன் ஃபுளூரைடு கண்ணாடியைத் தின்னும். பீங்கான் இன்சுலேட்டரை அரிக்கும். மனிதத் தோலில் பட்டால், நீர்த்த நிலையில் உடனே எரிச்சல்கூடத் தெரியாது. உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து உயிர்போகிற வலி வரும்.

பிரேக்கருக்குள் எஸ்.எஃப்.4 எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? நாம் அடைக்கவில்லை, ஆர்க் தயாரித்துத் தருகிறது. அத்தனை வெப்பத்தில் எஸ்.எஃப்.6 சிதறிவிடும். ஆர்க் அணைந்ததும் பெரும்பகுதி திரும்ப ஒன்றுசேர்ந்து பழைய எஸ்.எஃப்.6 ஆகிவிடும். அதுதான் இந்த வாயுவின் பெருமை. ஆனால் ஒரு சிறு பகுதி ஒன்றுசேராமல் தங்கிவிடும். தொடுமுனைகளின் உலோகம் ஆவியாகி ஃபுளோரினைப் பிடித்துக்கொள்ளும். ஃபுளோரினை இழந்த கந்தகம் எஸ்.எஃப்.4 முதலான குறைப் பிறவிகளாக நிற்கும். இவற்றை உறிஞ்சத்தான் உள்ளே அலுமினா, மூலக்கூறுச் சல்லடை போன்ற உறிஞ்சிகளைப் பையில் கட்டி வைத்திருப்பார்கள். பலமுறை ஃபால்ட் மின்னோட்டத்தைத் துண்டித்த பிரேக்கரில் அந்தப் பையும் நிரம்பிப்போகும்.

அப்படிப்பட்ட ஒரு 110 கே.வி. பிரேக்கரைத் தொடுமுனை மாற்றுவதற்காகத் திறந்தோம். எந்த ஊர், யாருடைய நிலையம் என்பது வேண்டாம். கேஸ் வண்டியை வைத்து வாயுவை முறையாக உறிஞ்சி எடுத்து, வேக்யூம் போட்டு, நைட்ரஜன் விட்டுக் கழுவி, பிறகுதான் மூடியைக் கழற்றினோம். உள்ளே அடியில் மெல்லிய வெள்ளைத் தூள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஹெல்பர் தம்பி ஒருவர், ஐ.டி.ஐ. முடித்தவர், "விபூதி கொட்டின மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே காட்டன் வேஸ்டை எடுத்துத் துடைக்கக் கையை நீட்டினார். கையுறை இடுப்பில் தொங்குகிறது. ஃபோர்மேன் அண்ணன் போட்ட சத்தத்தில் யார்டில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது. "எடுடா கையை!"

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. டீ நேரத்தில் என்னிடம் வந்து கேட்டார். "சார், உள்ள போட்டது எஸ்.எஃப்.6 தானே? சிலிண்டரோட வந்த பேப்பர்லயே விஷமில்லைன்னு போட்டிருக்கு. அண்ணன் எதுக்கு அப்படிக் கத்துனாரு?"

நியாயமான கேள்வி. அவர் படித்தது பொய்யில்லை. சிலிண்டரில் வருவது ஒன்று, பிரேக்கரைத் திறக்கும்போது இருப்பது இன்னொன்று. இதை வாயால் சொன்னால் 'சரி சார்' என்று போய்விடுவார். ஒரு சாக்பீஸ் வாங்கி சிமெண்டுத் தரையில் இரண்டு படமும் போட்டேன். பந்திக் கணக்கைச் சொல்லி அவரையே எண்ண வைத்தேன். முதல் படம் சரியாக முடிந்தது. இரண்டாவது படத்தில் இரண்டு மிச்சம் வந்ததும், "இதை எங்க சார் வைக்கிறது?" என்றார். கந்தகத்தின் மேலே வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல எல்லாப் பக்கமும் மூடியிருக்கு. இதுல ஒரு பக்கம் ஓப்பனா இருக்கே சார்." நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். கையின் வியர்வை ஈரம் அந்தத் திறந்த பக்கத்தில் என்ன செய்யும் என்று மட்டும் சொன்னேன். தூளில் பெரும்பாலும் உலோக ஃபுளூரைடுதான், ஆனால் அது இந்த வாயுக்களையெல்லாம் ஈர்த்து வைத்திருக்கும். தூளை ஊதக் கூடாது, பெருக்கக் கூடாது, அதற்கென்று உள்ள வடிகட்டி வைத்த வேக்யூம் கிளீனரில்தான் எடுக்க வேண்டும், முகமூடி, கையுறை, முழு உடுப்பு எல்லாம் வேண்டும், எடுத்த தூளையும் துடைத்த துணியையும் சோடாக் கரைசலில் ஊற வைத்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இதெல்லாம் விதிமுறைப் புத்தகத்தில் உண்டு. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு முதலுதவிப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் பல இடங்களில் இல்லை.

ஃபோர்மேன் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷ அனுபவம். "நான் அழுகின முட்டை வாசனை அடிச்சா தள்ளி நில்லுன்னு மட்டும்தான் சொல்லுவேன் சார்" என்றார். அதுவும் சரிதான் அண்ணே என்றேன். ஆனால் அந்த வாசனை வரும்போது வாயு ஏற்கெனவே மூக்குக்குள் வந்துவிட்டது இல்லையா!

மறுபடி கரும்பலகைக்கு வருவோம்.

முதலாண்டுப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எட்டைத் தாண்டுகிற உரிமை கந்தகத்துக்கு எப்படி வந்தது? அதே குடும்பத்து ஆக்சிஜனுக்கு ஏன் இல்லை? ஆக்சிஜன் இரண்டு ஃபுளோரினோடு நின்றுவிடுகிறது. பாஸ்பரஸ் ஐந்து ஃபுளோரினை வைத்துக்கொள்கிறது, நைட்ரஜன் மூன்றோடு சரி.

நம் புத்தகங்களில் ஒரு பதில் உண்டு. மூன்றாம் வரிசைத் தனிமங்களுக்கு 3டி ஆர்பிட்டால்கள் காலியாக இருக்கின்றன, கூடுதல் எலக்ட்ரான்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன, எஸ்பி3டி2 இனக்கலப்பு என்று. நாங்களும் அப்படித்தான் படித்தோம். லைனஸ் பாலிங் காலத்திலிருந்து வந்த விளக்கம். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் கணிப்பொறி வைத்து எலக்ட்ரான் பரவலைக் கணக்கிட ஆரம்பித்த பிறகு, குறிப்பாக 1990-ஐ ஒட்டி வந்த ஆய்வுகளில், அது நிற்கவில்லை. கந்தகத்தின் 3டி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் மிக உயரத்தில் இருக்கின்றன. பிணைப்பில் அவற்றின் பங்கு மிகச் சொற்பம். மாடியில் அறை காலியாக இருக்கிறது என்பது உண்மை, அங்கே ஏறிப்போக யாருக்கும் வலு இல்லை என்பதும் உண்மை.

அப்படியானால் பன்னிரண்டு எலக்ட்ரான்கள் என்று எண்ணினோமே, அது? கோட்டின் இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு அணுக்களுக்கும் சரிபாதி என்பது நாம் வைத்துக்கொண்ட வசதி. ஃபுளோரின் அப்படி விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் நன்றாக இழுத்து வைத்திருக்கிறது. ஆறு ஜோடிகளில் நான்கு ஜோடிகள்தான் கந்தகத்தின் எஸ், பி ஆர்பிட்டால்களோடு சேர்ந்து பிணைப்பாக வேலை செய்கின்றன, மீதி இரண்டு ஜோடிகள் ஃபுளோரின்கள் மேலேயே தங்கிவிடுகின்றன என்பது மூலக்கூறு ஆர்பிட்டால் முறையில் கிடைக்கும் எளிய படம். நாலிரண்டு எட்டு. பார்த்தீர்களா, எட்டு எங்கேயும் போகவில்லை! நேர்கோட்டில் மூன்று அணுக்கள் நான்கு எலக்ட்ரான்களை வைத்துக்கொண்டு இரண்டு பிணைப்புகளைச் சமாளிப்பதை ஜார்ஜ் பிமென்டல் 1951-லேயே விளக்கிவிட்டார். ஒரு ஜோடி மூன்று அணுக்களையும் சேர்த்துக் கட்டும், இன்னொரு ஜோடி இரண்டு ஓரங்களில் இருக்கும். இப்படிக் கட்டிய பிணைப்பு கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு வாயுவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நடுவட்டத்தில் உள்ள மூன்று குளோரின்கள் 2.02 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில், மேலும் கீழும் நேர்கோட்டில் உள்ள இரண்டும் 2.14-ல்.

ஓரத்து அணுக்கள் எலக்ட்ரான்களை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளவையாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே புரியும். அதனால்தான் ஃபுளோரினோடு எஸ்.எஃப்.6 உண்டு, ஹைட்ரஜனோடு எஸ்.எச்.6 இல்லை. ஆக்சிஜன், நைட்ரஜன் விஷயத்தில் பெரிய தடை இடம்தான். அந்தச் சிறிய அணுவைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்க இடம் கிடையாது. ஒற்றை அறை வீட்டில் கல்யாணம் நடத்த முடியாது. ஆகவே நைட்ரிக் அமிலம் வரையும்போது நைட்ரஜனுக்கு ஐந்து கோடு போட்டுவிடாதீர்கள். பந்தியில் எத்தனை நெருக்கடி வந்தாலும் இரண்டாம் வரிசை வீட்டுக்காரருக்கு எட்டுதான் உச்சவரம்பு.

தேர்வில் கேட்டால்? புத்தகத்தில் உள்ள இனக்கலப்பை எழுதி மார்க்கை வாங்கிக்கொள்ளுங்கள். பேராசிரியர்கள் சிரிக்கிறார்கள், கோபமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வடிவத்துக்குப் பெயர் வைக்க அது இன்றும் உதவும். காரணம் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

பேட்டரி ஆசிட் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள சல்ஃபேட் அயனியை வரையும்போதும் இதே சண்டைதான். கந்தகம் 6, ஆக்சிஜன் நாலாறு 24, எதிர்மின்சுமை 2, மொத்தம் 32. எல்லாம் ஒற்றைக் கோடு என்று போட்டால் எட்டுக்குள் கச்சிதமாக முடிகிறது. ஆனால் கந்தகத்தில் கூட்டல் 2, ஒவ்வொரு ஆக்சிஜனிலும் கழித்தல் 1 என்று முறைசார் மின்சுமை எழுத வேண்டும். மின்சுமையைக் குறைக்கிறேன் என்று இரண்டு இரட்டைக் கோடு போடுவது பல புத்தகங்களின் வழக்கம். அப்போது கந்தகத்துக்குப் பன்னிரண்டு. எது சரி? அளந்து பார்த்தால் நான்கு பிணைப்புகளும் ஒரே நீளம், ஒற்றைப் பிணைப்பைவிடக் குறுகியவை. கணிப்பொறி ஆய்வுகளோ மின்சுமை பிரிந்த முதல் படத்தின் பக்கம்தான் சாய்கின்றன. மின்சுமைகள் ஒன்றையொன்று இழுப்பதாலும் நீளம் குறையும். என் அபிப்பிராயம், இரண்டும் வரையத் தெரிந்திருக்க வேண்டும், எதற்காக எதை வரைகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வினைச் சமன்பாட்டில் எலக்ட்ரான் எண்ண வேண்டுமென்றால் எந்தப் படமும் போதும்.

மந்த வாயுக்களைச் சொல்லாமல் விட்டால் மேடம் கோபிப்பார். எட்டு நிறைந்துவிட்டது, இனி யாரோடும் சேரமாட்டோம் என்று இருந்தவை. 1962-ல் கனடாவில் நீல் பார்ட்லெட் ஒரு கணக்குப் போட்டார். பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கிறது. செனானிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கவும் ஏறத்தாழ அதே ஆற்றல்தான் வேண்டும். பிறகென்ன, கலந்து பார்த்தார், சேர்ந்தது. அதே ஆண்டிலேயே செனான் டெட்ராஃபுளூரைடும் தயாராகிவிட்டது. வரைந்து பாருங்கள்: 8, அதோடு 28, மொத்தம் 36. கோட்டுக்கு 8, ஃபுளோரின்களுக்கு 24, மிச்சம் 4. செனான் மேல் இரண்டு தனித்த ஜோடிகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. நான்கு ஃபுளோரினும் கேரம் போர்டின் நான்கு மூலை போல ஒரே தளத்தில். மிச்சத்தைக் கொட்டியிருந்தால் இதற்கும் நான்முகிதான் வந்திருக்கும்.

திரும்ப என் பிரேக்கருக்கே வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் மோசமான ஆள் இன்னும் பாக்கி. எஸ்2.எஃப்10. டைசல்ஃபர் டெக்காஃபுளூரைடு. தீப்பொறியும் சிறு மின்கசிவும் உள்ள இடத்தில் மிகச் சிறிய அளவில் உண்டாகும். வரையுங்கள்: கந்தகம் இரண்டுக்கு 12, ஃபுளோரின் பத்துக்கு 70, மொத்தம் 82. கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் ஒரு கோடு, ஃபுளோரினுக்குப் பத்துக் கோடு, பதினொரு கோட்டுக்கு 22. மீதி 60, பத்து ஃபுளோரினுக்கும் ஆறு ஆறு. மிச்சம் பூஜ்யம். கந்தகம் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு, தனித்த ஜோடி கிடையாது, எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறது. அந்த ஹெல்பர் தம்பியின் கணக்குப்படி இது எஸ்.எஃப்.6 போல சாதுவாக இருக்க வேண்டும். ஆனால் நுரையீரலைத் தாக்குவதில் கடுமையான விஷம். வாசனையை நம்பியும் தப்பிக்க முடியாது.

தவறு எண்ணிக்கையில் இல்லை. படத்தில் எந்தக் கோடு பலவீனமானது என்று கோடு சொல்லாது. இரண்டு கந்தகங்களுக்கு நடுவே உள்ள அந்த ஒற்றைக் கோடு நைந்த கயிறு. இரு பக்கமும் ஐந்தைந்து ஃபுளோரின்கள் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நிற்கின்றன. 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு பட்டால் அறுந்து, ஒரு பாதி எஸ்.எஃப்.6 ஆகவும் மறுபாதி எஸ்.எஃப்.4 ஆகவும் பிரிந்துவிடும். பாருங்கள், அந்தத் திறந்த கதவு இங்கே ஒளிந்திருக்கிறது. பத்து ஃபுளோரினில் ஆறு ஒரு பக்கம், நான்கு மறுபக்கம். எலக்ட்ரான் கணக்கும் பொருந்தும்: 48-ம் 34-ம் கூட்டினால் 82.

எஸ்.எஃப்.6-க்கே இப்போது காலம் சரியில்லை. அத்தனை உறுதியான மூலக்கூறு காற்றில் கலந்தால் எது அதை உடைக்கும்? நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே இருக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ எஸ்.எஃப்.6 இருபதாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். 1997 கியோட்டோ ஒப்பந்தத்திலேயே அதன் பெயர் ஏறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த சட்டம் புதிய மின்கருவிகளில் அதைப் படிப்படியாக விலக்கச் சொல்கிறது. வேக்யூம் பிரேக்கர்களும் மாற்று வாயுக்களும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கும் பிரேக்கர்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றைத் திறந்து, வாயுவை ஒரு சொட்டும் விடாமல் எடுத்து, தூளைத் துடைக்கப்போவது இங்கே பின் வரிசையில் இருக்கும் யாராவதுதான்.

மதிய உணவுக்கு மணி அடிக்கப்போகிறார்கள் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். போகிற போக்கில் ஒரு கணக்கு. குளோரின் டிரைஃபுளூரைடு. குளோரின் 7, ஃபுளோரின் மூன்று. பந்தியில் உட்கார்ந்து இலை போடுவதற்குள் மனதில் வரைந்து, மிச்சம் எத்தனை, அதை எங்கே வைப்பீர்கள், மூலக்கூறு எந்த எழுத்தின் வடிவத்தில் நிற்கும் என்று என்னிடம் வந்து சொல்லுங்கள். ஆங்கில எழுத்துதான், தமிழில் தேட வேண்டாம். சரியாகச் சொல்கிற முதல் ஆளுக்கு என் இலையில் உள்ள ஜாங்கிரி.